கொதிப்பு பார்க்கப் போனால் கூலி போகலாமா?



"எனக்குத் தலைவலியே இல்லை, எனக்கேது கொதிப்பு?" கம்போங் ராஜா தேயிலைத் தோட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. இரத்தக் கொதிப்பு சொல்லிவிட்டு வருகிற நோய் அல்ல. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில் நாட்டில் பெரியவர்கள் பத்துப் பேரில் மூவருக்கு அது இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது.

மேல் கணக்கு 140, கீழ்க் கணக்கு 90. திரும்பத் திரும்ப இதற்கு மேல் காட்டினால் கொதிப்பு. பெரும்பாலோருக்கு ஒரே காரணம் என்று கிடையாது. வயது, குடும்ப வழி, உப்பு, பருமன், குடி எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது. சிலருக்கு மட்டும் சிறுநீரகம், சுரப்பி போன்ற வேறு கோளாறினால் வரும். கர்ப்பிணிகளுக்கு வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், கிச்சாப், மேகி மீ என்று போனால் நம்ம வீட்டில் மத்தியானத்துக்குள்ளேயே அது தீர்ந்துபோகும். யாரும் பேசாத இன்னொன்று, முதுகுவலிக்கு நாமே கடையில் வாங்கி விழுங்குகிற வலி மாத்திரை. மூட்டை சுமக்கிறவர் அதைத் தினமும் போட்டால் கொதிப்பும் ஏறும், சிறுநீரகமும் கெடும்.

கவனிக்காமல் விட்டால் மாரடைப்பு, பக்கவாதம், வாரம் மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்பு. சரிவில் நின்று கொழுந்து வெட்டுகிறவருக்குக் கை கால் விழுந்தால் வேலை போச்சு. தோட்டத்து வீட்டில் இருந்தால் வீட்டுக்கும் ஆபத்து.

மாத்திரைக்குக் காசு இல்லாமல் யாரும் நிறுத்துவதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். தடை, அந்த ஒரு நாள் கூலி! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு வருசத்துக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆனால் டாக்டரின் எம்.சி. வேண்டும். கொதிப்பு பார்த்து மாத்திரை வாங்கி வருகிறவருக்குப் பல நேரம் கிடைப்பது டைம் சிலிப். அதைக் கிராணியிடம் நீட்டினால் கூலி ஏறாது. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குக் கூலியை விடணும்?" என்று அடுத்த மாதம் அவர் போக மாட்டார். இதைச் சோம்பேறித்தனம் என்று மேடையில் திட்டுகிறவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். வீட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள்.

கிளினிக் அட்டையில் தேதி குறித்திருந்தால் அந்த நாளுக்குக் கூலி உண்டு என்று அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மாதம் ஒரு தடவை பிரட்டுக் களத்துக்கே கருவியைக் கொண்டுவந்து பார்க்கட்டும். கால் மணி நேரம் வேலை தாமதமானால் தேயிலை முற்றிப் போகாது.

தோட்டக் கமிட்டித் தலைவர்கள், கிளினிக் போனதற்காக யார் யாருக்கு எத்தனை நாள் கூலி போனது என்று தேதியோடு எழுதி வையுங்கள். பேச்சுவார்த்தை மேசைக்கு அந்தக் கணக்கு வேண்டும்.