ஒருத்தி தனியே இடும் கையொப்பம்

யாழ்ப்பாணத்தவராகிய நாம் உறுதி எழுதுவதில் எவர்க்கும் சளைத்தவரல்லர். கலியாணப் பேச்சு முற்றுப்பெறுமுன்னரே நொத்தாரிசு வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்துவிடுவார். எத்தனை பரப்பு, எத்தனை குழி, கிணற்றில் எத்தனையில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் எந்தப் பக்கம் என்பனவெல்லாம் பிழையறப் பதியப்படும். ஆயினும் மரணசாதனம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னால், “ஏன் இந்த அவச்சொல்?” என்று வீட்டார் முகஞ் சுழிப்பர். சீதன உறுதி மங்கலமாம், மரணசாதனம் அமங்கலமாம்!

இத்தயக்கம் நேற்று முளைத்ததன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707-ஆம் ஆண்டளவில், திசாவையாக இருந்த கிளாஸ் ஈசாக்ஸ் நம் முன்னோர் வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை என எழுதிவைத்தார். அவ்வழமைப்படி முற்காலத்தில் தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. சொத்து எங்கே போகவேண்டும் என்று உடையவர் சொல்லவேண்டியிருக்கவில்லை, ஊரே அறிந்திருந்தது. பிள்ளைகளும் ஒரே வேலிக்குள், மிஞ்சினால் அடுத்த குறிச்சியில் வாழ்ந்தார்கள். இன்று ஒரு வளவின் பங்காளிகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். வழமை மட்டும் அதே வளவில் நிற்கிறது.

பலரும் அறியாத ஒன்றை ஈண்டுச் சொல்லவேண்டும். 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்றும் நம்மை ஆள்கிறது. அதன்படி மணமான பெண் தன் சொந்தக் காணியை, தன் தாய் தந்த சீதனக் காணியையே, கணவனின் எழுத்துமூல இசைவின்றி விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ இயலாது. ஆயின் அதே சட்டம் ஒரு வாயிலைத் திறந்தும் வைத்திருக்கிறது. மரணசாதனம் எழுதுவதற்கு அவளுக்குக் கணவனின் இசைவு வேண்டியதில்லை. காணியைக் குறித்து யாழ்ப்பாணத்து மனைவியொருத்தி எவரையும் கேளாமல் தனியே கையொப்பமிடத்தக்க பத்திரம் அது. அதையே நாம் அமங்கலமென்று ஒதுக்கியிருக்கிறோம்!

என் சின்னம்மா ஓர் ஆசிரியை, பிள்ளையில்லாதவர். கணவர் பிறநாடு சென்றார்; சில ஆண்டுகளில் கடிதமும் நின்றது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் தாயை இழந்து நின்ற சிறுமியொருத்தியைத் தென்மராட்சியிலிருந்து கையோடு அழைத்துவந்து வளர்த்தார். தம் வீடு வளவு அவளுக்கே என்று எல்லோரிடமும் சொல்வார். நன்கொடை உறுதி முடிக்கக் கணவரின் கையொப்பம் வேண்டும். நீதிமன்றின் மூலம் அக்குறையைத் தீர்க்கச் சட்டத்தில் வழியுண்டு என்பது மெய்; ஆயின் கணவன் கைவிட்டான் என்று மன்றில் நின்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மரணசாதனத்துக்கு அக்கையொப்பம் வேண்டா என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

2011-இல் அவர் காலமானார். பிள்ளையில்லாதவரின் சீதனம் வந்த வழியே திரும்பும் என்பது வழமை. வளவு ஐந்து பங்காயிற்று. என் தாயின் பங்கு எனக்கு வந்தது. அதை அப்பெண்ணுக்கு எழுதிக்கொடுத்தேன். ஆண்மகனாதலின் எனக்கு எவர் இசைவும் வேண்டியிருக்கவில்லை. ஏனையோரில் ஒருவர் மட்டும் அவ்வாறு செய்தார். மூன்று பங்கு இன்னும் கடல்கடந்து கிடக்கிறது. அவள் கூரையோடு மாற்றவும் மற்றவர் சம்மதம் கேட்கவேண்டியிருக்கிறது.

மரணசாதனம் குடும்பத்தைக் குலைக்கும் என்பார் உளர். 1844-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை எல்லையற்றது; பெற்ற பிள்ளையை முற்றாக விலக்கவும் அது இடங்கொடுக்கும். மரணப்படுக்கையில் கைபிடித்து ஒப்பமிடுவித்த கதைகளையும் நாம் கேட்டிருக்கிறோம். அக்கதைகளால் அஞ்சவேண்டியது காலந்தாழ்த்துவதற்கே. நல்ல சுகத்தோடு இருக்கையில், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் கூடியிருக்க ஒப்பமிட்டால் போதும். நொத்தாரிசு இல்லையேல் ஐந்து சாட்சிகள் ஒருங்கே இருத்தல் வேண்டும். 1840-ஆம் ஆண்டிலிருந்து முறை இதுவே. நன்கொடை உறுதியைப்போலக் கைவிட்டுப் போவதுமன்று. உயிருள்ளவரை மாற்றலாம், கிழிக்கலாம். மகளுக்குச் சீதனமாக யாவற்றையும் எழுதிவிட்டு, சீவிய உருத்து வைக்க மறந்து, முதுமையில் திண்ணை ஓரம் ஒதுங்கிய தாய்மாரை எண்ணும்போது இவ்வேறுபாடு சிறிதன்று. பள்ளிகளில் குடியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு பாடவேளையேனும் இதற்கு ஒதுக்கினால் என்ன?

சென்ற மாதம் என் மனைவி நொத்தாரிசை வீட்டுக்கு அழைப்பித்தாள். சாட்சிகளாக அவளோடு படிப்பித்த இரு ஆசிரியைகள் வந்தனர். தேநீர் கொடுத்துவிட்டு நான் முற்றத்துக்கு வந்து வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன எழுதினாள் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.