செத்த பின் நிவாரணம்! சாகுமுன் பதில் எங்கே?

திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீசு வாசலுக்குப் போய்ப் பாருங்கள். கையில் மடித்த காகிதத்தோடு கிராமத்து ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். "எங்கள் ஊர் வாரியில் பாலம் உடைந்து கிடக்கிறது." "ஏரிக் கலிங்கு இடிந்து கிடக்கிறது, மழை வந்தால் தெருவுக்குள் தண்ணீர் வரும்." "சுண்ணாம்புக்கல் வெட்டிய குழியைச் சுற்றி வேலி இல்லை." "பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் சிமெண்ட் லாரிகள் பறக்கின்றன." ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு உயிர்ப் பயம் எழுதியிருக்கும்.

மனு வாங்கப்படுகிறது. நம்பர் போட்ட சீட்டும் கொடுக்கப்படுகிறது. சில வாரம் கழித்துப் பதில் வருகிறது: "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது." அந்தத் துறை அடுத்த துறைக்கு அனுப்புகிறது. மனு ஊர் சுற்றுகிறது. பாலமோ உடைந்த இடத்திலேயே கிடக்கிறது!

இதைச் சில்லறை விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு நாம் அரியலூரின் சரித்திரத்தைத்தான் காட்ட வேண்டும்.

மருதையாறு சொல்லும் சாட்சி

1956-ஆம் ஆண்டு நவம்பர் 23. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ரயில் விடியுமுன் அரியலூரைத் தாண்டியது. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாறு. மழையால் ஆற்றில் பெருவெள்ளம். வெள்ளம் அரித்துவிட்டிருந்த பாலத்தின் மேல் ரயில் ஏறியது. இஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. தூக்கத்திலேயே மாண்ட பிரயாணிகள் எத்தனை பேர்! பலியானவர்கள் 140 பேருக்கும் மேல்.

ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமா செய்தார். அந்த நேர்மையை நாம் குறை சொல்லவில்லை. இன்றைய மந்திரிகள் பலருக்கு அந்தச் சொல்லே மறந்துவிட்டது. ஆனால் இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி ஹைதராபாத் ராஜ்யத்தில் மகபூப்நகர் அருகே இதேபோல ஒரு பாலம் விழுந்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அப்போதும் சாஸ்திரி ராஜிநாமா கொடுத்தார். பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. மூன்று மாதம்கூட ஆகவில்லை, மருதையாற்றில் அதே கதை!

முதல் பாலம் விழுந்தது எச்சரிக்கை. இரண்டாவது பாலம் விழுந்தது அந்த எச்சரிக்கையைக் கேளாததன் கூலி. ஒரு மந்திரியின் நேர்மை ஒரு பாலத்தைத் தாங்கி நிற்காது. பாலத்தைத் தாங்கக் கல்லும் காவலும் வேண்டும். ஆறு பெருகுகிறது என்று கரையில் நிற்பவன் சொன்னால் ரயிலை நிறுத்துகிற ஏற்பாடு வேண்டும்.

அரியலூர் தனி ஜில்லாவாக இரண்டாவது முறை உருவான தேதி எது தெரியுமா? 2007 நவம்பர் 23. பாலம் விழுந்து சரியாக 51 ஆண்டுகள்! தற்செயல்தான். ஆனாலும் அந்தத் தேதி நம் ஜில்லாவின் நெற்றியில் எழுதிய எழுத்து. அதை அதிகாரிகள் படிக்காவிட்டால் நாம்தான் படித்துக் காட்ட வேண்டும்.

கீழப்பழுவூரைச் சுற்றி என்ன நடக்கிறது?

கீழப்பழுவூர் இரண்டு பெரிய சாலைகள் கூடுகிற இடம். திருச்சியிலிருந்து சிதம்பரம் போகிறவனும் அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிறவனும் இங்கே வந்துதான் திரும்ப வேண்டும். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் பூமி, சிமெண்ட் ஆலைகள், இரவு பகலாக லாரிகள். தெற்கே திருமானூரில் கொள்ளிடம். ஆக, நெருப்பு, தண்ணீர், குழி, சக்கரம் என்று நாலு ஆபத்தும் நம் வாசலில் நிற்கின்றன.

2023 அக்டோபர் 9-ஆம் தேதி கீழப்பழுவூரை அடுத்த விரகாலூரில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். தினக்கூலிக்குப் போன தொழிலாளர்கள் பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அன்று என்ன கிழமை? திங்கட்கிழமை! கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற அதே கிழமை. அதன் பிறகு எல்லாம் வந்தது. தீயணைப்பு வண்டி வந்தது, மந்திரிகள் வந்தார்கள், நிவாரணம் அறிவிக்கப்பட்டது, வழக்கும் கைதும் நடந்தன. எல்லாம் வெடித்த பிறகு!

2025 நவம்பர் 11-ஆம் தேதி பக்கத்திலுள்ள வாரணவாசியில் சமையல் எரிவாயு சிலிண்டர் ஏற்றி வந்த லாரி வளைவில் கவிழ்ந்தது. சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. டிரைவர் காயத்தோடு தப்பினார். அந்த வளைவில் அந்த நேரம் ஒரு பஸ் வந்திருந்தால்? எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது.

முதலில் தெரிந்தவன் யார்?

ஆபத்து வருவது முதலில் யாருக்குத் தெரியும்? ஆபீசில் இருப்பவருக்கா? இல்லை. வெள்ளம் ஏறுவது கரையில் மாடு மேய்ப்பவனுக்குத் தெரியும். மருந்து அறையில் அளவுக்கு மேல் சரக்கு அடைத்திருப்பது அங்கே திரி சுற்றும் பெண்ணுக்குத் தெரியும். எந்த வளைவில் லாரி சாயும் என்பது டீக்கடை பெஞ்சில் இருப்பவனுக்குத் தெரியும். முதலில் அறிபவனும் அவனே, முதலில் சாகிறவனும் அவனே. ஆனால் கடைசியாகக் கேட்கப்படுகிறவனும் அவனேதான்! இந்த அநியாயம்தான் நாம் பேசுகிற விஷயத்தின் வேர்.

ஆலைத் தொழிலாளர்களே, போபாலை மறந்துவிட்டீர்களா? 1981 டிசம்பரில் அந்த ஆலையில் விஷவாயு கசிந்து ஒரு தொழிலாளி மாண்டார். 1982-இல் தொழிற்சங்கத்தார் ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டி ஆபத்தை எச்சரித்தார்கள். யார் கேட்டார்கள்? 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு வாயு வெளியேறியது. ஆயிரக்கணக்கானோர் தெருவிலும் குடிசையிலும் மடிந்தார்கள்.

கொள்ளிடத்துக்கு வாருங்கள். ஆற்றில் மணலைச் சுரண்டாதே என்று கரையோர மக்கள் போராடாத ஆண்டு உண்டா? 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் சரிந்து போயின. 1836-இல் கட்டிய அணை, பழசாகிவிட்டது என்றார்கள். பழசு என்பது அன்று இரவுதானா தெரிந்தது? 182 வருஷமாகக் கணக்கு எண்ணத் தெரியாதா சர்க்காருக்கு?

"சட்டம் இருக்கிறதே!"

சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு ஆணையம் உண்டு. கலெக்டர் அதன் தலைவர். மக்கள் தேர்ந்தெடுத்த ஸ்தல ஸ்தாபனப் பிரதிநிதி இணைத் தலைவர். ஜில்லாவுக்கென்று பேரிடர்த் திட்டம் எழுத வேண்டும். ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும். அந்தத் திட்டத்தின் பிரதி யாருக்குப் போக வேண்டும்? ஜில்லாவின் சர்க்கார் துறைகளுக்கு என்கிறது சட்டம். சாகப்போகிற ஜனங்களுக்குப் பிரதி கொடு என்று ஒரு வரி இல்லை!

தேர்ந்தெடுத்த பிரதிநிதி இருக்கிறாரே என்றால், 2025 ஜனவரியில் அரியலூர் உள்ளிட்ட 28 ஜில்லாக்களின் ஊராட்சி மன்றங்களுக்குப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் ஊராட்சிகளை ஒப்படைத்தார்கள். மக்கள் நாற்காலியிலும் அதிகாரியே உட்கார்ந்தார். கேட்கிறவரும் அதிகாரி, பதில் சொல்ல வேண்டியவரும் அதிகாரி!

"1077-க்குப் போன் செய்யுங்கள்" என்கிறார்கள். நல்லது, செய்வோம். ஆனால் அது வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு கூப்பிடுகிற நம்பர். வெள்ளம் வருமுன் கலிங்கைக் கட்டச் சொல்ல எந்த நம்பர்?

"பணம் இல்லை!"

இது அடுத்த பல்லவி. பணம் இருக்கிறது, தோழர்களே! 2015-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்று ஜில்லா கனிம அறக்கட்டளை என ஒன்றை ஏற்படுத்தினார்கள். பழைய குத்தகைச் சுரங்கங்கள் ராயல்டியில் 30 சதமும், ஏலத்தில் எடுத்த புதிய சுரங்கங்கள் 10 சதமும் அதற்குக் கட்ட வேண்டும். சாதாரணச் சுண்ணாம்புக்கல்லுக்கு 2014-இல் நிர்ணயித்த ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். பழைய குத்தகை என்றால் டன்னுக்கு 24 ரூபாய் அறக்கட்டளைக்கு. 20 டன் ஏற்றிய ஒரு லாரி நம் தெருவைக் கடந்தால் 480 ரூபாய்! ஒரு நாளைக்கு எத்தனை லாரி என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் எண்ணச் சொல்லுங்கள். பிறகு பெருக்கிப் பாருங்கள்.

புழுதியைத் தின்பது நாம். அந்தப் பணம் எந்த ஊருக்குப் போயிற்று, எதற்குச் செலவாயிற்று என்று கேட்கிற உரிமையும் நம்முடையதுதான்.

"ஜனங்களுக்கு அஜாக்கிரதை!"

வேறு வழி இல்லாதபோது இதைச் சொல்வார்கள். ஆபத்தென்று தெரிந்தும் ஏன் பட்டாசு ஆலைக்குப் போனாய்? தாழ்வான இடத்தில் ஏன் குடிசை போட்டாய்? அய்யா, கழனியில் வேலை இருந்தால் வெடிமருந்தைத் தொட எந்தத் தாய்க்கு ஆசை? மேட்டில் அரை சென்ட் நிலம் கொடுத்திருந்தால் ஓடைக்கரையில் எவன் குடிசை போடுவான்? வறுமையை அஜாக்கிரதை என்று பெயர் மாற்றி எழுதுகிறது அதிகாரவர்க்கம்!

ஏழை நாட்டில் இதெல்லாம் நடக்காது என்பதும் பொய். கியூபா என்ன பணக்கார நாடா? 1963-இல் ஃபுளோரா என்ற சூறாவளி அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதற்குப் பிறகு தெருத்தெருவாக ஏற்பாடு செய்தார்கள். எந்த வீடு வலுவில்லாதது, எங்கே கர்ப்பிணி இருக்கிறாள், நடக்க முடியாத கிழவர் யார் என்பது தெருக் குழுவுக்கு முன்கூட்டியே தெரியும். புயல் காலத்துக்கு முன்னால் ஆண்டுதோறும் ஊரே ஒத்திகை பார்க்கிறது. அங்கே புயல் நின்றுவிடவில்லை. கொத்துக் கொத்தாகச் சாவது நின்றது.

நம் குறையையும் சொல்வோம்

பிறரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்வது நம் வழக்கம் அல்ல. நாமும் உயிர் போன பிறகே விழித்திருக்கிறோம். லாரி மோதி ஒருவர் மாண்டால் சாலை மறியல் செய்கிறோம். தாசில்தார் வந்து "பேசித் தீர்க்கலாம்" என்றதும் எழுந்து போகிறோம். பேசியது என்ன ஆயிற்று என்று மறு மாதம் கேட்டோமா? ஆலைச் சங்கத்தில் போனசைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுகிறோம். தீப்பிடித்தால் வெளியேறும் வழி பூட்டியிருப்பதைப் பற்றி மூன்று நிமிஷம் பேசுகிறோமா? விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கூலியைக் கேட்கிறோம், ஏரிக்கரையைக் கேட்கிறோமா? உயிர் இருந்தால்தானே கூலி!

ஆகவே நாம் கேட்பது

ஒன்று: ஆபத்தைப் பற்றிய மனுவுக்கு 30 நாளில் எழுத்து மூலம் பதில் வேண்டும். எந்த அதிகாரி பொறுப்பு, எந்தத் தேதிக்குள் வேலை முடியும் என்பது அதில் இருக்க வேண்டும்.

இரண்டு: ஜில்லா பேரிடர்த் திட்டத்தைத் தமிழில், ஊர்வாரியாக, கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும், ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும்.

மூன்று: எந்தெந்த ஊரில் வெடிமருந்து சேமிக்க, தயாரிக்க லைசென்சு உண்டு, எவ்வளவுக்கு உண்டு, கடைசியாகச் சோதித்த தேதி எது என்று அந்த ஊர் மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

நான்கு: சுரங்கக் குழிகளுக்கு வேலி, லாரிகளுக்குத் தனி வழி, பள்ளிக்கூட நேரத்தில் தடை.

ஐந்து: கனிம அறக்கட்டளையின் வரவு செலவை ஆண்டுதோறும் கிராம சபையில் வைக்க வேண்டும்.

இவற்றில் எது ஆகாயத்தில் கோட்டை கட்டுகிற கோரிக்கை? எதற்கு உலக வங்கிக் கடன் வேண்டும்?

கோரிக்கை எழுதினால் மட்டும் போதாது. ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். உடைந்த பாலம், இடிந்த கலிங்கு, தாழத் தொங்கும் மின்கம்பி, வேலியில்லாத குழி, தனியாக இருக்கும் முதியவர் என எல்லாவற்றையும் எழுதுங்கள். மனு கொடுத்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்த நோட்டை வாசித்துத் தீர்மானம் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அக்டோபர் 2-ஆம் தேதி சபை வருகிறது. அன்று எது முடிந்தது, எது முடியவில்லை என்று கேளுங்கள். மழைக்கு நடுவே நவம்பர் 1-ஆம் தேதி மறுபடியும் கேளுங்கள். ஒருவர் போனால் மனு. ஊரே போனால் உத்தரவு!

நவம்பர் 23-ஆம் தேதி ஜில்லா பிறந்த நாள் என்று கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும். நமக்கு அது மருதையாற்றில் மாண்டவர்களின் நாள். அன்று ஊர் ஊராக அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். பிணத்துக்கு விலை பேச நாம் அங்கே போகவில்லை. உயிரோடு இருக்கும்போதே கணக்குக் கேட்கப் போகிறோம்!