நெல்வயலும் படைவீரரும்

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சுவர்களில் அரசர் பெயர்களும் அணிகலன்களின் நிறையும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன என்று எண்ணுவோர் பலர். படைப்பிரிவுகளின் பெயர்களும் அங்கே உண்டு. தெரிந்த பரிவாரத்தார், வலங்கை வேளைக்காரர் முதலிய படையினருள் சிலர் கோயிற் பொருளைக் கடனாகப் பெற்று வட்டி செலுத்த இசைந்தனர். சிலர் திருமேனிகளைப் பேணும் பொறுப்பினை ஏற்றனர். வாளேந்தியவரும் ஊர் வாழ்வில் ஒட்டி வாழ்ந்தமை இதனால் புலனாகும்.

ஆயினும் அது மன்னனின் படையே. சோழர் ஆட்சி 13ஆம் நூற்றாண்டில் மறைந்தபோது அப்படையும் உடன் மறைந்தது. இன்றைய இந்திய வீரன் ஏற்கும் உறுதிமொழியோ அரசியலமைப்பின்மீது ஏற்பது. ஆள்வோர் மாறலாம், உறுதிமொழி மாறுவதில்லை. தேசியப் படை என்னும் பெயருக்கு இவ்வேறுபாடே பொருள் தருகின்றது.

இடைப்பட்ட காலத்தில் நம்மவர்க்கு ஓர் இழுக்கு நேர்ந்தது. 1758ஆம் ஆண்டு முதல் ஆங்கிலக் கம்பெனியார் சென்னை மாகாணத்து வீரரைப் பட்டாளங்களாகத் திரட்டினர். கருநாடகப் போர்களை அவர்க்கு வென்று கொடுத்தோர் இவர்களே. ஆனால் 1885 முதல் 1893 வரை இந்தியப் படைக்குத் தலைமை வகித்த இராபர்ட்சு என்பார், வெப்பமும் நெடுங்கால அமைதியும் தென்னாட்டாரின் போர்க்குணத்தை மழுங்கச் செய்தன என்று கருதினார். ‘போர் மரபினர்’ சிலரே வீரர், ஏனையோர் அல்லர் என்னும் கொள்கை அரசின் முறையாயிற்று. சென்னைக் காலாட்பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1928இல் எஞ்சியதும் போயிற்று. நிலவளமும் அமைதியும் வீரத்தைக் கெடுக்கும் என்றால், 1025இல் கடல் கடந்து கடாரம் சென்ற படை எந்நாட்டுச் சோற்றை உண்டதோ? இரண்டாம் உலகப்போர் மூண்டு ஆள் வேண்டியிருந்தபோது அக்கொள்கை மெல்ல ஒதுக்கப்பட்டது. சென்னைப் படைப்பிரிவு மீண்டும் எழுப்பப்பட்டது. பருமாவிலும், 1948இல் காசுமீரத்துத் தித்துவாலிலும் அது போரிட்டது. மழுங்கியது வீரம் அன்று, மதிப்பிட்டவர் கண்ணே என்பது என் துணிபு.

படையின் அமைப்பை நன்னிலத்து மாணவர்க்கு விளக்குதல் எளிது. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையில் பகுக்கப்பட்டு, முடிகொண்டான் போன்ற கிளையாறுகளில் ஓடி, வாய்க்காலில் இறங்கி, மடை வழியே வயலை அடைகின்றது. படையிலும் அவ்வாறே. டிவிஷன், பிரிகேட், பட்டாலியன், கம்பெனி, பிளட்டூன் எனக் கட்டளை இறங்கி, பத்துப் பேர் அளவினதான செக்‌ஷனை அடையும். ஒரு பட்டாலியனில் ஏறத்தாழ 800 பேர் இருப்பர். இவர்களுள் எவரும் கட்டாயத்தின்பேரில் சேர்க்கப்பட்டவர் அல்லர்.

ஆனால் மதகைத் திறப்பது ஆறு அன்று. முப்படைகளின் உயர் தலைமை குடியரசுத் தலைவரிடம் உள்ளது. அவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி செயற்படுவர். அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குப் பொறுப்புடையது. 1949 சனவரி 15இல் காரியப்பா முதல் இந்தியத் தளபதியாகப் பொறுப்பேற்ற பின்னரும் இம்முறை பிறழவில்லை. நம் அண்டை நாடுகளிலோ, 1958இல் பாக்கித்தானிலும் 1962இல் பருமாவிலும் ஆறே மதகை உடைத்துக்கொண்டது.

இன்னும் ஒன்று கூறவேண்டும். பழைய படைப்பிரிவுகள் சில இனத்தின் பெயராலும் குலத்தின் பெயராலும் வழங்குகின்றன. ஒரு மொழியும் ஒரே பழக்கமும் உடையோர் போர்க்களத்தில் ஒருவரையொருவர் கைவிடார் என்று அதற்குக் காரணம் கூறுவர். அக்காரணம் வலியற்றது எனத் தள்ளுதற்கில்லை. பல களங்களில் அது மெய்யாகியுள்ளது. எனினும் 1949இல் எல்லாப் பகுதியினரையும் சேர்த்து எழுப்பிய காவற்படைப் பிரிவும் களங்களில் குறைவுபடவில்லை. விடுதலைக்குப் பின் குலப்பெயரால் புதிய பிரிவுகளை எழுப்புவதில்லை என்று அரசு கொண்ட கொள்கை செவ்விது. அவ்வப்போது எங்கள் குலத்துக்கும் ஒரு பிரிவு வேண்டும் என்று எழும் குரல், இராபர்ட்சு வகுத்த கோட்டையே மீண்டும் வரைவதாகும்.

நன்னிலத்து இளைஞன் ஒருவன் சென்னைப் படைப்பிரிவில் சேர்வானாயின், நீலகிரியில் வெலிங்டன் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பப்படுவான். அங்கே மலையாளியும் தெலுங்கரும் கன்னடரும் அவனோடு ஒரே வரிசையில் நிற்பர். மலைக்குளிர் காவிரிக்கரையானுக்குச் சிறிது நாள் துன்பமாகவே இருக்கும். ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்னும் முழக்கத்தை மட்டும் அவன் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. சொற்கள் அவனுக்குப் பழகியவை.