மூத்த மகனும் மற்றவர்களும்: இங்கிலாந்தின் பாகப்பிரிவினை பற்றி உலவும் ஒரு கதை

பாகப்பிரிவினை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்தியாவின் படித்த வட்டாரங்களில் ஒரு வாதம் தவறாமல் எடுத்துவைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் எல்லாச் சொத்தும் மூத்த மகனுக்கே சென்றது. ஆகவே நிலம் துண்டாகவில்லை, மூலதனம் சிதறவில்லை. வெறுங்கையோடு விடப்பட்ட இளைய மகன்கள் வணிகத்துக்கும் கடலுக்கும் போனார்கள். அதிலிருந்தே தொழிற்புரட்சி பிறந்தது. இந்தியாவிலோ தலைமுறைதோறும் வயலை வரப்புப் போட்டு அறுத்தார்கள், வறுமை வந்தது. இந்த வாதத்தின் கடைசி வரியைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மகள்களுக்கும் பங்கு கொடுத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்பதே அது.

இவ்வாதம் வரலாறு என்ற பெயரில் உலவுகிறது. ஆனால் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் இங்கிலாந்தில் ஒருவர் இறந்தபின் அவர் வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்பதை இவ்வாதத்தைச் சொல்வோர் பார்ப்பதே இல்லை.

மூத்த மகன் உரிமை என்பது நிலத்துக்கான விதி. அதிலும், உயிலோ வேறு ஏற்பாடோ இல்லாதபோது மட்டும் இயங்கும் விதி. பொதுச் சட்ட நீதிமன்றங்கள் அதைக் காத்தன. மாடு, தானியம், கம்பளி, பாத்திரம், கட்டில், கடன் பத்திரம், ரொக்கம் ஆகிய அசையும் சொத்துகள் வேறொரு அதிகாரத்தின் கீழ் இருந்தன. அவற்றை 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை திருச்சபை நீதிமன்றங்களே கவனித்தன. ஆண்டுக்கணக்குக்கு எடுத்த நிலக்குத்தகை உரிமைகூட சட்டத்தின் பார்வையில் அசையும் சொத்தே. சொந்த நிலம் இல்லாத கைவினைஞர், குத்தகை உழவர், கடைக்காரர் ஆகியோரின் செல்வம் ஏறத்தாழ முழுவதும் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. நாட்டு மக்களில் பெரும்பாலோர் இவர்களே.

இந்தப் பக்கத்தில் மூத்தவன், இளையவன் என்ற பேதம் இல்லை. மகன், மகள் என்ற பேதமும் இல்லை. 1670ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் அசையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை மனைவிக்கும், எஞ்சிய இரண்டைப் பிள்ளைகள் அனைவருக்கும் சமமாகவும் கொடுத்தது. இதுவும் அன்று முளைத்த புதுமை அன்று. திருச்சபை நீதிமன்றங்களில் நெடுங்காலம் வழங்கிவந்த நடைமுறையைத் தழுவியது. தொழிற்புரட்சிக்கு முந்தைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக, மூலதனம் எனத் தகும் எல்லாவற்றையும் சமமாகப் பிரிக்கச் சொன்ன சட்டம் இங்கிலாந்தில் நடப்பில் இருந்தது. இளைய மகன் லண்டன் வணிகர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தான் என்றால் அதற்குரிய கட்டணத்தை யாரோ கட்டினார்கள். அப்பணம் அவனுடைய பங்கிலிருந்து வந்தது. பிரிவினை நடந்ததால் அவன் வணிகனானான். பிரிவினை நடக்காததால் ஆனான் என்பது கதையைத் தலைகீழாகப் படிப்பது.

நிலத்திலும் விதி ஒன்றாக இருக்கவில்லை. கென்ட் மாவட்டத்தில் கேவல்கைண்ட் என்ற வழக்கப்படி நிலம் மகன்கள் எல்லாருக்கும் சமமாகச் சென்றது. பிற இடங்களில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அனுபவித்த கைம்பெண்ணுக்கு அங்கே மறுமணம் செய்யாதவரை பாதி நிலத்தில் அனுபவ பாத்தியதை இருந்தது. நாட்டிங்ஹாம் நகரின் ஒரு பகுதியிலும் சசெக்ஸ் பகுதிப் பண்ணைகள் பலவற்றிலும் கடைசி மகனே வாரிசு. இவ்வழக்கங்கள் சட்டப்படி ஒழிந்தது 1925இல்தான். நிலத்தைத் துண்டாக்கும் வழக்கம் வறுமையைக் கொணரும் என்றால் கென்ட் இங்கிலாந்தின் மிக ஏழை மாவட்டமாக இருந்திருக்க வேண்டும். அது வளமான மாவட்டங்களுள் ஒன்று.

உயில் எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? கேம்பிரிட்ஜ்ஷயர் சிற்றூர்களின் உயில்களை ஆராய்ந்த மார்கரெட் ஸ்பஃபோர்டு, நிலத்தை ஒரு மகனுக்குக் கொடுத்த உழவர்கள் மற்றப் பிள்ளைகளுக்கு அந்நிலத்தின் மேலேயே ரொக்கக் கடமைகளைச் சுமத்தியதைக் காட்டினார். நிலம் பெற்றவன் தம்பிக்கும் தங்கைக்கும் ஆண்டுகள் பலவாகத் தவணை கட்டினான். தாய்க்கு அடுப்பங்கரையில் இடம், ஒரு மாட்டுக்கு மேய்ச்சல், விறகு, தானியம் என்று உயிலில் எழுதி வைத்தார்கள். மருமகள் வந்தபின் கிழவி குளிரில் நிற்கக் கூடாது என்ற அச்சம் அந்த வாசகங்களில் தெரிகிறது. 1993இல் வெளிவந்த நூலில் ஏமி லூயிஸ் எரிக்சன், சாதாரணக் குடும்பங்களின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் கணக்குகளையும் வைத்து இன்னும் தெளிவாகச் சொன்னார்: மகன்களுக்கு நிலம் என்றால் மகள்களுக்கு அசையும் பொருள், ஆனால் மதிப்பில் இரண்டும் பெரும்பாலும் அருகருகே வரும்படி பெற்றோர் முயன்றார்கள். கணவர்களில் பெரும்பாலோர் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை மனைவியிடமே ஒப்படைத்தார்கள்.

இதனால் அந்த இங்கிலாந்து பெண்களின் பொற்காலம் ஆகிவிடாது. திருமணமான கணமே பெண்ணின் அசையும் சொத்து முழுவதும் கணவனுடையதாயிற்று. 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை பொதுவான நிலை அதுவே. தந்தை சமமாகக் கொடுத்ததைக் கணவன் மொத்தமாக எடுத்துக்கொண்டான். ஆயினும் கொடுத்த தந்தையர் இருந்தார்கள் என்ற உண்மையை அது அழிப்பதில்லை.

அப்படியானால் மூத்த மகன் கதை எங்கிருந்து வந்தது? மாளிகைகளிலிருந்து. அங்கேயும் அது தானாக நிகழ்ந்த இயற்கையன்று. வழக்கறிஞர்கள் உழைத்துக் கட்டிய ஏற்பாடு. மகன் இல்லாதபோது நிலம் மகள்களுக்குச் சமமாகப் பிரியும் என்பதே பொதுச் சட்டம். உயர்குடியினர் அஞ்சியது இதற்கே. உயர்குடிச் சொத்துரிமையின் வரலாறு மகளிடமிருந்து நிலத்தைத் திருப்பி ஆண்வழி உறவினருக்கு அனுப்பும் முயற்சிகளின் வரலாறே என்று எய்லீன் ஸ்பிரிங் வாதிட்டார். 1540ஆம் ஆண்டு உயில் சட்டம் நிலத்தை உயிலால் கொடுக்க வழிவிட்டது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஆர்லாண்டோ பிரிட்ஜ்மன் போன்ற பத்திர வல்லுநர்கள் இறுக்கமான ‘செட்டில்மெண்ட்’ முறையை வடித்தார்கள். (இன்றும் பதிவு அலுவலகங்களில் புழங்கும் செட்டில்மெண்ட் என்ற சொல்லைக் கேட்கும்போது அதன் மூதாதையரையும் நினைத்துக்கொள்ளலாம்.) கைம்பெண்ணின் மூன்றில் ஒரு பங்கு உரிமையையும் இதே கைகள் கரைத்தன. 1536க்குப் பின், திருமணத்துக்கு முன்பே ஓர் ஆண்டுத் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த உரிமை அற்றுப்போகும். பதினாறாம் நூற்றாண்டில் பெண் கொண்டுவந்த சீதனத்தின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்த அத்தொகை, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பத்தில் ஒன்றாகச் சுருங்கியது.

ஷேக்ஸ்பியரின் உயில் இதற்கு நல்ல சான்று. மனைவிக்கு இரண்டாந்தரக் கட்டில் ஒன்றை எழுதிவைத்தார் என்பதை வைத்து நெடுங்காலமாகச் சிரிக்கிறார்கள். அதைவிடப் பெரிய செய்தி அதே உயிலில் இருக்கிறது. ஒரே மகன் ஹாம்னெட் 1596இல் இறந்துவிட்டான். எஞ்சியோர் சூசன்னா, ஜூடித் என்ற இரு மகள்கள். 1616இல் அவர் உயில் எழுதாமலே இறந்திருந்தால் நிலம் இருவருக்கும் சரிபாதி. உயிலோ நிலத்தை ஏறத்தாழ முழுவதும் சூசன்னாவுக்கும், அவளுக்குப்பின் பிறக்கவே பிறக்காத அவள் மகன்களுக்கு வரிசையாகவும் கொடுத்தது. ஜூடித்துக்கு நிபந்தனைகளோடு பணமும் ஒரு வெள்ளிக் கிண்ணமும். சட்டம் சமமாகப் பிரித்ததை உயில் குலைத்தது.

ஆன் கிளிஃபோர்டு இன்னும் கசப்பான சான்று. கம்பர்லாந்து பிரபு ஜார்ஜ் கிளிஃபோர்டு 1605இல் இறந்தபோது அவருடைய ஒரே வாரிசான மகளுக்கு வயது பதினைந்து. இரண்டாம் எட்வர்டு காலத்துப் பத்திரப்படி வடநாட்டுக் கோட்டைகளும் நிலங்களும் அவளுக்கே சேர வேண்டும். தந்தையின் உயில் அவற்றைத் தம்பி பிரான்சிசுக்குக் கொடுத்து, மகளுக்கு 15,000 பவுண்டு ஒதுக்கியது. தாயும் மகளும் வழக்காடினார்கள். 1617இல் மன்னர் முதலாம் ஜேம்சே நடுவராக அமர்ந்து சித்தப்பாவுக்கு நிலத்தைத் தீர்ப்பளித்தார். கணவன் பணத்தை ஏற்கும்படி நெருக்கினான். ஆன் கையெழுத்திட மறுத்தாள். நிலம் அவளிடம் வந்தது 1643இல். எந்த நீதிமன்றமும் மனம் மாறவில்லை. சித்தப்பாவின் மகன் ஆண்வாரிசின்றி இறந்தான், அவ்வளவே. முப்பத்தெட்டு ஆண்டுகள்! இங்கிலாந்து மூலதனத்தைச் சிதறாமல் காத்தது என்று எழுதுவோர் இந்த முப்பத்தெட்டு ஆண்டுகளை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

உயில் எழுதும் சுதந்திரத்தை ஆங்கிலத் தனிமனித வாதத்தின் அடித்தளம் என்று போற்றுவதுண்டு. ஷில்லாங்கில் பிறந்த ஆலன் மேக்ஃபார்லேன் 1978இல் இக்கருத்துக்குப் பெரும் புகழ் தேடித்தந்தார்: ஆங்கிலேயக் குடும்பத்தில் பிள்ளைக்கு நிலத்தின்மேல் பிறப்புரிமை இல்லை, தந்தை விரும்பியபடி செய்யலாம். நிலத்தைப் பொறுத்து இது சரி. ஆனால் யார்க் திருச்சபை மாநிலத்திலும் வேல்ஸிலும் லண்டன் நகரத்திலும் வேறொரு பழைய விதி உயிரோடு இருந்தது. தந்தையின் அசையும் சொத்தில் ஒரு பாகம் மனைவிக்கு, ஒரு பாகம் பிள்ளைகளுக்கு. மூன்றாவது பாகத்தை மட்டுமே அவர் உயிலால் விரும்பியவருக்குத் தரலாம். வட இங்கிலாந்தில் இதை 1692இலும், வேல்ஸில் 1696இலும், லண்டனில் 1724இலும் நாடாளுமன்றம் ஒழித்தது. அன்று விரிந்த சுதந்திரம் குடும்பத் தலைவனுடையது. இழப்பு மனைவியுடையதும் பிள்ளைகளுடையதும். தனிமனிதன் என்ற சொல் இங்கே ஓர் ஆணை மட்டுமே குறிக்கிறது.

பிரிப்பதும் பிரிக்காமல் வைப்பதும் அதிகாரத்தின் கருவிகள் என்பதை ஆங்கில அரசு நன்கு அறிந்திருந்தது. எட்டாம் ஹென்றி வேல்ஸை இணைத்தபோது அங்கே மகன்களிடையே நிலம் பிரியும் வழக்கத்தைத் தடைசெய்தார். அயர்லாந்தில் நேர்மாறு: 1704இல் வந்த சட்டப்படி கத்தோலிக்கரின் நிலம் எல்லா மகன்களுக்கும் கட்டாயம் பிரிய வேண்டும், மூத்தவன் அரசுத் திருச்சபைக்கு மாறினால் முழுவதும் அவனுக்கே. ஆக, சமப்பங்கு அங்கே தண்டனை; மூத்தவன் உரிமை மதமாற்றத்துக்கான கையூட்டு. 1776இல் ஆடம் ஸ்மித், ஒரு பிள்ளையைச் செல்வனாக்க மற்றப் பிள்ளைகளைப் பிச்சைக்காரராக்கும் ஏற்பாடு என்று மூத்தவன் உரிமையைச் சாடினார். அவர் பெயரை உச்சரித்துக்கொண்டே அதே ஏற்பாட்டைப் பொருளாதார ஞானமாக விற்போர் அந்த நூலைத் திறந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

அந்த ஆங்கிலச் சட்டங்கள் இந்தியாவுக்கும் வந்தன. எது எவருக்கு வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1857 கிளர்ச்சிக்குப் பின் தங்களுக்கு அணுக்கமானவர்களாக வேண்டியிருந்த அவத் தாலுக்தார்களுக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டம் மூத்த மகன் உரிமையை உறுதிசெய்தது. மறுபுறம், 1670இன் பங்கீட்டுச் சட்டத்தின் மூன்றிலொரு பங்கு விதி 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் புகுந்தது. இங்கே அது நிலத்துக்கும் பொருந்தியது. 1925இல் மீண்டும் தொகுக்கப்பட்டது. திருவிதாங்கூர்க் கிறித்தவர்களுக்கோ 1916ஆம் ஆண்டின் தனிச் சட்டம்: மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், 1951 முதல் அங்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்று தீர்ப்பளித்தது. மகள்களுக்குச் சமப்பங்கு கிடைத்தது. ஆங்கிலேயர் தங்கள் மாடுகளையும் பாத்திரங்களையும் பிரித்துக்கொண்ட விதி, முந்நூறு ஆண்டுகள் கழித்து, கேரளத்துத் தோட்டங்களையும் வீடுகளையும் பிரித்தது.

தீர்ப்பு வந்தபின் பல குடும்பங்கள் உயில் எழுத விரைந்தன. அந்தச் சட்டம் உயில் இல்லாத இடத்தில் மட்டுமே மகளுக்குப் பங்கு தருகிறது. உயிலால் அவளை முற்றாக ஒதுக்கும் சுதந்திரத்தையும் தந்தைக்கு அதே சட்டமே தருகிறது.