எதுக்குச் சமம்?

‘இன்னா படிப்புடா தம்பி இது? தமிழு படிச்ச, வாத்தியார் ஆவேன்ன, சரின்னு இருந்தேன். இப்ப எல்லாத்தயும் கலந்து படிக்கிறேங்கற. கூட்டாஞ்சோறா?’

என் அம்மா கேட்டது. கூட்டாஞ்சோறுதான். இலக்கியம், வரலாறு, மானிடவியல், சட்டம், தத்துவம் எல்லாம் இரண்டே வருடத்தில். பல்துறை முதுகலை என்று பெயர். இயக்கத்து அண்ணன்கள் அம்மாவை விடக் கடுமை. ‘சட்டம் படி, இல்லன்னா குரூப் ஒண்ணு எழுது. வசதியான வீட்டுப் புள்ளைங்க பொழுதுபோக்காப் படிக்கிறத நீ ஏன்டா படிக்கற?’ முதலில் இவர்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25. 44 பேர். பொருளாதாரத் துறைக்குப் போனால் அது கூலித் தகராறு. சட்டத் துறையில் அது மேல்முறையீட்டு வழக்கு. காரும் நிலமும் உள்ள பெரிய மனுசங்க தாங்களே நடந்துபோய்த் தீ வைப்பாங்களா என்று சந்தேகப்பட்டு, 1973இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. தமிழ்த் துறைக்கு வந்தால் அது இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. 1977இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கிய நாவல். அதில் பண்ணையாரின் ஆண்மைக் குறை முன்னால் வந்து நிற்கிறது. செத்ததெல்லாம் சேரி சனம், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஆளுக்கொரு துண்டு வெட்டி எடுத்துக்கிட்டுப் போனாங்க, சாதி மட்டும் எவன் பங்குலயும் வரல!

சாதி ஒரு துறைக்குள் குடியிருப்பதில்லை. நிலத்தில் இருக்கிறது, கோயிலில் இருக்கிறது, படுக்கையறையில் இருக்கிறது, தீர்ப்பிலும் இருக்கிறது. அதைத் துரத்துகிறவன் சுவரேறிக் குதித்துத்தான் ஆக வேண்டும். அம்பேத்கர் குதித்தார். 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் அவர் எடுத்த பாடங்களின் கணக்கைப் பாருங்கள்: பொருளாதாரம் 29, வரலாறு 11, சமூகவியல் 6, தத்துவம் 5, மானிடவியல் 4, அரசியல் 3. 1915இல் எம்.ஏ. வாங்கிய அந்தப் பொருளாதார மாணவர், 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். வயது 25. மகார் வீட்டில் பிறந்தவன் பட்ட பாட்டை அங்கே அவர் சொல்லி அழவில்லை. செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் என்று நாலு பேர் வரையறையையும் எடுத்துப் போட்டு, ஓட்டை எங்கே என்று காட்டி, அகமணத்தில்தான் சாதியின் உயிர் இருக்கிறது என்ற தன் கோட்பாட்டை வைத்தார்.

இதுதான் இன்றைக்கும் அய்யாமார்களுக்குச் செரிக்காதது. என் வகுப்பில் கருத்தரங்குக்குத் தலைப்புக் கேட்டார்கள். அகமணம் என்றேன். ‘கோட்பாடு அப்புறம் பாத்துக்கலாம். உங்கம்மா ஒப்பாரி பாடுவாங்களா? பதிவு பண்ணிட்டு வாங்க, அருமையான தரவு’ என்றார் பேராசிரியர். பக்கத்தில் இருந்தவனிடம் அவன் பாட்டி பாட்டைக் கேட்கவில்லை. அவனுக்கு ஃபூக்கோ! (ஒப்பாரியை நான் மட்டமாக நினைக்கவில்லை. அம்மா பாட்டில் வட்டிக் கணக்கு வரும், வாங்கின ஆள் பேரும் வரும். உட்கார்ந்து கேட்டால் அவளே விளக்குவாள். தரவாகத்தான் இருக்க வேண்டும் என்பதுதான் எரிச்சல்.) சமூக அறிவியலில் கோட்பாட்டுப் பார்ப்பனர்களும் தரவு பொறுக்கும் சூத்திரர்களுமாகப் பிரிந்து கிடப்பதை கோபால் குரு 2002இலேயே அம்பலப்படுத்தினார். விவாதமெல்லாம் நடந்தது. பந்தி மாறவில்லை.

அண்ணன்கள் சொன்னதில் ஒரு உண்மை இருக்கு, மறைக்க மாட்டேன். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலை என்றால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்கணும், இல்லை இணையானது என்று அரசாணை காட்டணும். ஒரு அலுவலகத்தில் போய் விசாரித்தேன். சன்னலுக்குள்ளிருந்தவர் பட்டத்தின் பெயரை இரண்டு தடவை படித்துவிட்டு, ‘இது எதுக்குச் சமம்?’ என்றார். என்ன சொல்ல? துறைச் சுவரை உடைக்கப் போறோம் வாங்கன்னு கூப்பிட்டுச் சேர்த்தவங்க, வேலை வாசல்ல அதே சுவர் நிக்கறத ஒரு வார்த்தை சொல்லல. நிலம் உள்ள வீட்டுப் பையனுக்கு இரண்டு வருடம் போனால் போகுது. எனக்கு அம்மாவின் தோடு அடகில் இருக்கு. இணைத்தன்மை ஆணையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு முதல் மாணவனைச் சேருங்கள் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்க வேண்டும். உதவித்தொகைக்காக மறியல் செய்யும் நம் மாணவர் அமைப்புகள் இதற்கும் உட்காரணும். இந்தப் படிப்பே வேண்டாம் என்று ஒதுங்கினால், வெண்மணியை மறுபடியும் அவர்கள்தான் துண்டு போடுவார்கள்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கு. ஒப்பாரிப் பதிவு கொண்டுபோகவில்லை. சொந்த ஊரில் நிலம் யார் பேரில், அதில் உழைக்கிறது யார், மூணு தலைமுறையாகப் பெண் எடுத்தது எந்தச் சாதியில் என்று 10 கேள்வி எழுதி, வகுப்பில் 22 பேருக்கும் கொடுத்தேன். பேராசிரியருக்கும் ஒன்று. 3 பேர் நிரப்பித் தந்திருக்கிறார்கள். பேராசிரியர் தாள் இன்னும் வரவில்லை.