மசித்த உருளைக்கிழங்கில் ஒரு மாஸ்டர் பீஸ்!

செமஸ்டர் புராஜெக்ட் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சீனியரின் பழைய ஃபைல், ஜெராக்ஸ் கடை க்யூ, கடைசி நிமிஷ ஸ்பைரல் பைண்டிங்... கரெக்ட்தானே? ஆனால், ஒரு காலேஜ் பொண்ணு கிளாஸுக்காகப் போட்ட டிசைன், இன்றைக்கும் வாஷிங்டன் நகரத்தில் பாதி மண்ணுக்குள் புதைந்தபடி நிற்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரும்புகிறார்கள்.

பொண்ணு பேரு மாயா லின். 1959-ல் ஒஹாயோ மாகாணத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் சீனாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். அப்பா பீங்கான் கலைஞர், அம்மா கவிஞர். ஒரு பக்கம் களிமண், இன்னொரு பக்கம் கவிதை. வீடே அப்படி என்றால் பிள்ளை எப்படி இருக்கும்?

1980-ல் மாயா யேல் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். படிப்பது கட்டடக் கலை, மனசு பாதி சிற்பத்தில். அப்போது ஒரு வகுப்பில் சேர்ந்தார். சப்ஜெக்ட் என்ன தெரியுமா? கல்லறைகளும் நினைவுச் சின்னங்களும்! 'மூன்றாம் உலகப் போருக்கு ஒரு நினைவுச் சின்னம் டிசைன் பண்ணுங்க' என்று ஒரு அசைன்மென்ட். மாயா, பூமிக்கு அடியில் இறங்கிப் போகிற, மூச்சு முட்ட வைக்கிற கல்லறை மாதிரி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். பேராசிரியர் கடுப்பாகிவிட்டார். தன் கூடப் பிறந்தவன் அந்தப் போரில் செத்திருந்தால், இந்த இடத்துக்குத் தான் வரவே மாட்டேன் என்றார். அதைக் கேட்டு நம்ம ஆளு மனசுக்குள் நினைத்தது... அப்படி ஒரு போர் வந்தால், அப்புறம் வந்து பார்க்க யார் மிச்சம் இருப்பாங்க?

அந்த வகுப்பின் ஃபைனல் புராஜெக்ட்டாக வந்ததுதான் நிஜப் போட்டி. வியட்நாம் போர் 1975-ல் முடிந்தபோது அமெரிக்கா ரெண்டுபட்டுக் கிடந்தது. உயிரோடு திரும்பிய சிப்பாய்களுக்கு ஊரில் பெரிய வரவேற்பு எல்லாம் இல்லை. செத்துப்போன நண்பர்களுக்காக அவர்களே நிதி திரட்டி, நினைவுச் சின்னத்துக்கு டிசைன் கேட்டு போட்டி வைத்தார்கள். முக்கியமான கண்டிஷன்கள் இரண்டு. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் எல்லோருடைய பெயரும் இருக்க வேண்டும். அரசியல் கூடாது.

மாயா முதலில் என்ன பண்ணினார்? லைப்ரரிக்கு ஓடி வியட்நாம் போர் பற்றிப் புரட்டவில்லை. போரின் அரசியலைப் படிக்கக் கூடாது என்று வேண்டுமென்றே முடிவெடுத்தார். சாவு என்றால் என்ன, ஒருத்தரை இழப்பது என்றால் என்ன... இதை மட்டும் யோசித்தார். யேலில் ஒரு மண்டபச் சுவரில், போர்களில் இறந்த பழைய மாணவர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கும். மாயா ஃபர்ஸ்ட் இயர் படிக்கும்போது, வியட்நாமில் இறந்தவர்களின் பெயர்களை அங்கே கல்தச்சர்கள் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த எழுத்துகளைத் தொடாமல் அவரால் தாண்டிப் போக முடியாது. ஐடியாவின் விதை அங்கேதான் விழுந்திருக்கிறது.

அப்புறம் நவம்பர் லீவில் அந்த இடத்தைப் பார்க்கப் போனார். அழகான பார்க். ஜனங்கள் ஃப்ரிஸ்பீ விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் கொண்டுவந்து உயரமாக ஒரு சிலையை நடுவதா? மனசு ஒப்பவில்லை. ஒரு கத்தியை எடுத்து இந்த மண்ணை வெட்டித் திறந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. காயத்தின் மேல் புல் முளைக்கும், ஆனால் வெட்டின முகம் வழவழப்பான கல்லாக அப்படியே நிற்கும். அவ்வளவுதான் டிசைன்! காலேஜுக்குத் திரும்பி வந்தவர், முதல் மாடலைச் செய்தது எதில் தெரியுமா? டைனிங் ஹாலில் கொடுத்த மசித்த உருளைக்கிழங்கில்!

இங்கேதான் மேட்டர் இருக்கு ஃப்ரெண்ட்ஸ். உருவம் கிடைத்துவிட்டது, ஆனால் முழு அர்த்தம் இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு சுவர்கள் ஒரு கோணத்தில் சந்திக்கின்றன. வகுப்பில் விமர்சனம் வந்தது: 'இந்தக் கோணத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்கணுமே?' நாமா இருந்தால், 'ஒரு லுக்குக்காக சார்' என்று சமாளித்திருப்போம். மாயா அதை மண்டைக்குள் போட்டுக்கொண்டார். விடை வந்தது. பெயர்களை அகர வரிசையில் போடாமல், இறந்த நாள் வரிசையில் போடலாம். முதல் பெயர் நடுவில், இரண்டு சுவர்களும் சேரும் இடத்தில் தொடங்கும். வலது சுவரின் கடைசி வரை ஓடி, இடது சுவரின் நுனியில் தொடர்ந்து, கடைசிப் பெயர் மறுபடி நடுவுக்கே வந்து சேரும். போரின் முதல் சாவும் கடைசிச் சாவும் பக்கத்துப் பக்கத்தில்! வட்டம் மூடிவிட்டது. ஒரு கை லிங்கன் நினைவகத்தையும், இன்னொரு கை வாஷிங்டன் ஸ்தூபியையும் காட்டும். கோணத்துக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது.

டிசைனை விட, அதை விளக்கி ஒரு பக்கம் எழுதத்தான் அவருக்கு அதிக நாள் பிடித்தது. மொத்தம் வந்தவை 1,421 டிசைன்கள். யாருடைய பெயரும் தெரியாமல், வெறும் நம்பர்தான். மாயாவின் நம்பர் 1026. 1981 மே மாதம் ரிசல்ட். 21 வயசு மாணவிக்கு முதல் பரிசு, 20,000 டாலர். கிளாஸில் அதே டிசைனுக்கு என்ன கிரேடு? 'பி'! கிரேடு போட்ட பேராசிரியரும் அதே போட்டிக்கு டிசைன் அனுப்பியிருந்தார் என்பது எக்ஸ்ட்ரா தகவல்.

இதோடு 'சுபம்' போட முடியாது. கறுப்புச் சுவரா, அவமானத்தின் அடையாளமா என்று முன்னாள் வீரர்களிலேயே ஒரு தரப்பு கொதித்தது. கறுப்பு ஒன்றும் அவமானத்தின் நிறமில்லை என்று எழுந்து பேசினார் ஒரு கறுப்பின ராணுவ ஜெனரல். ஆசிய முகம் கொண்ட ஒரு சின்னப் பெண் எப்படி எங்கள் வீரர்களுக்கு நினைவிடம் கட்டலாம் என்ற முணுமுணுப்பும் இருந்தது. பெயர்களை அகர வரிசையில் மாற்றச் சொன்னார்கள். மாயா மறுத்தார். ஸ்மித் என்ற பெயரே நூற்றுக்கணக்கில் வரும், டெலிபோன் டைரக்டரி மாதிரி ஆகிவிடும் என்பது அவர் வாதம். வரிசை ஜெயித்தது. ஆனால் மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலையும் வேண்டும் என்ற நெருக்கடிக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. 1984-ல் அது வந்தது. சுவரை மறைக்காமல், கொஞ்சம் தள்ளி.

1982 நவம்பர் 13-ல் சுவர் திறக்கப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் சுமார் 247 அடி நீளம். நடுவில் 10 அடி உயரம், ஓரத்தில் சில அங்குலம். இன்று 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அந்தக் கறுப்பு கிரானைட் எங்கிருந்து போனது தெரியுமா? நம்ம பக்கத்து பெங்களூரிலிருந்து! பாலிஷ் போட்ட அந்தக் கல், கண்ணாடி மாதிரி. மகன் பெயரைத் தேடிக்கொண்டு வருகிற அம்மாவுக்கு, அந்தப் பெயரின் மேல் தன் முகமே தெரியும். பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பெயரை எடுத்துக்கொண்டு போவார்கள். கடிதம், பதக்கம், பூட்ஸ் என்று எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். போர் சரியா தப்பா என்று அந்தக் கல் ஒரு வார்த்தை சொல்லாது. மீதி அர்த்தத்தைக் கொண்டுவருவது, எதிரே வந்து நிற்கிறவர்கள்தான்.

ஸோ... அடுத்த தடவை உங்க டிசைனையோ, கதையையோ, குறும்படத்தையோ பார்த்து யாராவது 'இதுக்கு என்னப்பா அர்த்தம்?' என்று கேட்டால், டென்ஷன் ஆகாதீங்க. சமாளிக்கவும் பார்க்காதீங்க. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போய் மெஸ்ஸில் உட்காருங்க. நம்ம ஹாஸ்டலில் மசித்த உருளைக்கிழங்கு எல்லாம் கிடைக்காது, உப்புமாதான். பரவாயில்லை... மாடல் செய்ய அதுவும் போதும்!