கடலின் காய்ச்சல்



கோடை வெயில் நம் தலையில் இறங்கும்போது மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளுக்கும் சூடு ஏறுகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை அவற்றுக்குச் சோதனைக் காலம். பவள உயிரியின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது, நிறமும் தருகிறது. நீர் அளவுமீறிச் சுட்டால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகும். உடனே செத்துவிடாது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைத்துக்கொள்ளும். பட்டினி நீண்டால்தான் சாவு.

எத்தனை நாள் சுட்டது என்பதுதான் முக்கியம். அந்தக் கணக்கை யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். அமெரிக்காவின் நோவா நிறுவனம் 'கோரல் ரீஃப் வாட்ச்' என்ற பெயரில், உலகக் கடல்களை 5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, செயற்கைக்கோள் தரும் வெப்பநிலையை நாள்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது. ஓரிடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடுதல் சூடு ஒரு வாரம் நின்றால் 1 புள்ளி. 2 டிகிரி நின்றால் 2 புள்ளி. கடந்த 12 வாரப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே வருகிறார்கள். கூட்டுத்தொகை 4 ஆனால் பவளம் வெளிறும், 8 ஆனால் சாகத் தொடங்கும் என்பது எச்சரிக்கை. உலகளாவிய நான்காவது வெளிறல் நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தவர்களும் இவர்களே.

நம் கடலுக்கென்றே ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் எச்சரிக்கை தருகிறது. அந்தமான், நிகோபார், லட்சத்தீவு, கட்ச் வளைகுடாவோடு மன்னார் வளைகுடாவும் அதில் உண்டு. பாறைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்க 'ஆலன் கோரல் அட்லஸ்' வரைபடம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது அதைத்தான் என்பேன்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தக் கணக்குக்காகச் செயற்கைக்கோள் அளப்பது கடலின் மேற்பரப்புச் சூட்டை மட்டுமே. பவளம் உண்மையில் வெளிறியதா, பிழைத்ததா என்பதை ஒரு மனிதர் மூழ்கிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் தீவுகளைச் சுற்றி அந்த வேலையைச் செய்துவருகிறார்கள். இங்கே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி வெட்டியே அரண் இழந்து, இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. மிச்சமிருப்பவற்றின் இன்றைய கணக்கை எழுதிவைக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

இந்த வாரம் கைப்பேசியில் 'கோரல் ரீஃப் வாட்ச்' தளத்தில் மன்னார் வளைகுடாவின் புள்ளியைப் பாருங்கள். ஜூன் முடியும்வரை வாரம் ஒருமுறை பிள்ளைகளை ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வேம்பார், கீழக்கரை, பாம்பன் பக்கத்து வாசகர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: உங்கள் ஊர்ப் பெரியவர்கள் கடலடியில் உள்ள ஒவ்வொரு பாருக்கும், அதாவது பாறைத் திட்டுக்கும், ஒரு பெயர் வைத்திருப்பார்கள். முன்பு அங்கே என்ன மீன் கிடைத்தது, இப்போது என்ன கிடைக்கிறது என்று அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்